பயண சிம்மும் மாலை அழைப்பும்

பங்குனி மாதத்தின் முதல் வியாழக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "சிம் வந்தது. அச்செடுத்தேன். அவள் மஞ்சள் வைத்துவிட்டாள். வேலை செய்யவில்லை."

எழுதிய அன்று எனக்கு எல்லாம் விளங்கியது. பிறகு படிப்பவருக்கு விளங்காது என்பதால் விரித்து எழுதுகிறேன்.

என் மனைவி நெதர்லாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று வாரம் போய்வருவதாக ஏற்பாடு. இரண்டு முறை தள்ளிப்போட்ட பயணம் அது. தள்ளிப்போட்டதற்குக் காரணம் அவளுடைய அண்ணன். தி. நகரில் அண்ணனும் தங்கையுமாக ஒரு சின்ன ஜவுளிக்கடையைப் பல வருடம் நடத்தினார்கள். பக்கவாதம் வந்தபின் கடையைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர் அடையாற்றில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பல விஷயங்கள் நினைவிலிருந்து போய்விட்டன. தங்கையின் செல்போன் எண் மட்டும் போகவில்லை. அதை அவரால் வாயால் சொல்ல முடியாது, ஆனால் விரல்கள் தாமாகவே அழுத்திவிடும். தினமும் மாலை டிபன் முடிந்ததும் இல்லத்தின் போனிலிருந்து அழைத்து, "கடையை அடைச்சாச்சா?" என்று கேட்பார். "அடைச்சாச்சுண்ணே" என்பாள். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியோ சட்னியைப் பற்றியோ பேசுவார்கள்.

சென்ற முறை பயணத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அழைப்பு வருவது நின்றுபோயிற்று. நேரில் போய்ப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் டிக்கெட்டை ரத்து செய்தாள். மறுபடியும் அழைக்க ஆரம்பித்தார். ஆகவே இந்த முறை சொல்வதில்லை என்று முடிவு. நான் இங்கேயே இருந்து சனிக்கிழமைகளில் அவரைப் போய்ப் பார்ப்பது, மாலை அழைப்பை எப்படியாவது அவளே எடுத்துப் பேசுவது. இது நடக்காவிட்டால் மூன்றாவது முறையும் டிக்கெட் ரத்துதான். அவள் அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மகன்தான் இ-சிம் வாங்கச் சொன்னான். அட்டை எதுவும் கிடையாது. பணம் கட்டினால் மின்னஞ்சலில் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு வரும். அதைப் போன் காமிரா பார்த்துவிட்டால், போனுக்குள்ளேயே இன்னொரு சிம் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இறங்கிய பிறகு அதை இயக்கினால் இணையம் கிடைக்கும். கோடு அவள் போனுக்கே வந்தது. தன் திரையில் இருப்பதைத் தானே படம் பிடிக்க அந்தப் போனுக்கு வழி தெரியவில்லை, அல்லது எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தாளில் அச்செடுக்க, அவள் போனோடு அசோக் நகரிலிருந்து நடந்து மேற்கு மாம்பலத்தில் எங்களுக்குப் பழக்கமான ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, மெட்ரோ டிக்கெட்டா?" என்றார்.

"சிம்முங்க. வெளிநாட்டுக்கு."

"சிம்மை ஜெராக்ஸ் எடுத்துக்கினு போற ஆளை இப்பதான் சார் பாக்கறேன். நாலு காப்பி போட்டா வூட்ல நாலு பேரு யூஸ் பண்ணிக்கலாமா?"

"ஒரு தடவைதான் வேலை செய்யுமாம்."

"அப்ப கலர்ல எடுத்துக்க சார். ஒரு தடவைன்னாலும் நல்லாருக்கட்டும்."

கோடு கறுப்பு வெள்ளைதான். இருந்தாலும் கலர் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது தாள் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. நான்கு மூலையிலும் ஈர மஞ்சள், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுப்பொருள் வந்தாலும் இப்படித்தான். சட்டை, பத்திரிகை, ரசீதுப் புத்தகம், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை, எதுவும் மஞ்சள் வைக்காமல் புழக்கத்துக்கு வராது. கடைக்காரக் குடும்பத்தின் பழக்கம். எனக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனால் பிரிண்டர் மையில் ஈரம் பட்டதும் அது மஞ்சளோடு கலந்து ஓடியிருந்தது. கோட்டின் மூலைகளில் உள்ள பெரிய கட்டங்களைப் பார்த்துத்தான் காமிரா அதை அடையாளம் காணுமாம். எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் போன் ஒன்றும் சொல்லவில்லை.

"மூலையில வைக்கக் கூடாதாம்" என்றேன்.

"மூலையில வைக்காம வேற எங்க வைப்பாங்க? நீங்க முன்னாடியே சொல்லணும்லா."

"சிம்முக்கு நீ மஞ்சள் வைப்பேன்னு நான் கனவா கண்டேன்?"

"பிள்ளையோட ஊருக்குப் போற காரியம். வைக்காம?" என்றவள் சற்று யோசித்தாள். "ஏங்க, அந்த மெயிலை உங்க போனுக்கு அனுப்பிட்டு, உங்க போனை என் போனுக்குக் காட்டினா என்ன?"

அதற்குப் பிறகு எல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. புது சிம்முக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் போன் கேட்டது. 'பயணம்' என்று வைத்தாள். சேவை இல்லை என்று காட்டியது. இங்கே காட்டாது, அங்கே இறங்கினால்தான் உயிர் வரும் என்று மகன் வீடியோவில் வந்து சொன்னான். கூடவே, "இறங்கினதும் பழைய சிம்மை ஆஃப் பண்ணிடும்மா, இல்லன்னா பில் எகிறிடும்" என்றான்.

அவள் முகம் மாறிவிட்டது. "ஆஃப் பண்ணா மாமா கூப்பிடுறது?"

"வாட்ஸாப்ல பேசலாமேம்மா."

"மாமாவுக்கு வாட்ஸாப் தெரியுமாடா? விரலுக்கு என் நம்பர் மட்டும்தான் தெரியும்."

பழைய எண்ணை ரோமிங்கில் வைத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். சேவை மையத்துக்கு இரண்டு முறை அழைத்துக் கேட்டேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இங்கிருந்து சோதித்துப் பார்க்கவும் முடியாது. எதையும் சரிபார்த்த பிறகே எழுதும் பழக்கமுள்ள எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. அவளுக்கு எரிச்சல் இல்லை, பயம்தான். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசாமலே பெட்டி அடுக்கினாள். பெட்டி பாதியிலேயே நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் அவளே ஒரு வழி சொன்னாள். புது சிம் போனுக்குள்ளேயே இருக்கிறதென்றால் அட்டை சிம்முக்கு அங்கே என்ன வேலை? அது இங்கேயே இருக்கட்டும். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி சிம் தட்டைத் திறந்தாள். அட்டையை எடுத்து, அலமாரியில் கிடந்த எங்கள் பழைய பட்டன் போனில் போட்டாள். அண்ணன் அழைத்தால் பட்டன் போன் இங்கே அடிக்கும். நான் உடனே என் போனிலிருந்து அவளை வாட்ஸாப்பில் பிடிக்க வேண்டும். அவளிடம் பயண சிம்மின் இணையம் இருக்கும். இரண்டு போன்களையும் ஸ்பீக்கரில் போட்டு எதிரெதிரே வைத்தால் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளலாம்.

அன்று மாலையே ஒத்திகை. அவள் தன் போனை வீட்டு வைஃபையில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டன் போன் அடித்ததும், சொன்னபடியே இரண்டு போன்களையும் சாப்பாட்டு மேசையில் வாயோடு வாய் வைத்தேன். வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதில் போயிற்று. கொஞ்சம் நிறுத்தி அவர், "என்ன, கிணத்துக்குள்ள இருந்தா பேசுத?" என்றார்.

"மழைண்ணே, சத்தமா இருக்கு."

"பங்குனியிலயா?"

"சும்மா ஒரு தூறல்."

"இங்க வெயில் கொளுத்துது. உனக்கு மட்டும் தனியா பெய்யுதாக்கும்" என்று சிரித்தார். அறைக்குள்ளிருந்து அவளும் சிரித்தது போன் வழியாகவும் கதவு வழியாகவும் கேட்டது. அதன் பிறகுதான் பெட்டியை அடுக்கி முடித்தாள்.

கிளம்பியது புதன்கிழமை அதிகாலை. விமான நிலைய வாசலில் அவள் கடைசியாகச் சொன்னது, பட்டன் போனைச் சார்ஜரிலேயே போட்டு வைக்க வேண்டும் என்பது. இறங்கியதும் எந்தப் பொத்தானைத் தள்ள வேண்டும் என்று எனக்கே ஒரு முறை பாடம் சொல்லிக் காட்டினாள்: பயணம் என்ற வரியை இயக்கு, அதற்கு மட்டும் ரோமிங்கை இயக்கு. தப்பில்லாமல் சொன்னாள்.

எங்கள் ஏற்பாட்டில் எதை விட்டுவிட்டோம் என்பது மாலை பட்டன் போன் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் இருக்கும்போது வழி இருந்தது. அங்கே இறங்கிய பிறகும் வழி இருந்தது. இடையில் ஒரு நாள் ஆகாயத்தில் இருப்பாள் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. அவள் அப்போது இரண்டாவது விமானத்தில் இருந்தாள். வாட்ஸாப்பில் அழைத்துப் பார்த்தேன். போகவில்லை. பட்டன் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்காவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்பதும் தெரியும், எடுத்தால் யார் குரல் கேட்கும் என்பதும் தெரியும். எடுத்தேன்.

"மச்சான், நான்தான்" என்றேன். அவள் குளிக்கிறாள் என்று சொல்லலாமா, கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லலாமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே" என்றார். "அவ இறங்கிட்டாளா?"

"இன்னும் இல்ல மச்சான். வானத்துல இருக்கா."

"சாப்பாடு கொடுத்திருப்பாங்கல்லா?"

"கொடுத்திருப்பாங்க."

"அவளுக்குப் பிளேன்ல காது அடைக்கும். மிட்டாய் வச்சிருக்காளா?"

"தெரியல மச்சான்."

"கேக்க மாட்டேரே நீரு" என்று அலுத்துக்கொண்டார். "இறங்கினதும் எனக்குச் சொல்லும். இந்தப் போனுக்குத்தான் சொல்லணும், நான் முழிச்சிருப்பேன்." வைத்துவிட்டார்.

எட்டரை மணி செய்திகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து வந்தது: "பயணம் வந்துடுச்சு. நெட் கிடைக்குது. அண்ணன் கூப்பிட்டாங்களா?" பட்டன் போனிலிருந்து இல்லத்துக்கு அழைத்து அவரைப் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன், என் போனில் அவளைப் பிடித்தேன். பிறகு இரண்டு போன்களையும் மேசையில் எதிரெதிரே வைத்துவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று பால்கனிக்குப் போய் நின்றேன். உள்ளே அவள் அழுவதும் அவர் அதட்டுவதும் கேட்டது.

பயணத்தைப் பற்றி அவருக்கு யார் சொன்னது என்று மறுநாளிலிருந்து விசாரித்து வருகிறேன். இல்லத்தின் சிஸ்டர் தான் சொல்லவில்லை என்கிறார். மனைவி சொல்லவில்லை. மகன் "எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்கிறான். அவரையே சனிக்கிழமை கேட்டேன். "யாராவது சொல்லணுமா?" என்றார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதும், யார் மூலம் தெரியும் என்பதும் இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.