மணி என்று தேடிய கம்ப்யூட்டர்

எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் கிடங்கில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மணி என்பவன் மிளகு திருடியது தெரிந்ததும், அவனை வேலையிலிருந்து நீக்கச் சொன்னார் முதலாளி. எங்கள் முகம் அறியாத மேனேஜர், கம்ப்யூட்டரில் 'மணி' என்ற எழுத்துகளைத் தேடி, அகப்பட்ட பெயர்களையெல்லாம் அழித்துவிட்டார்.

மறுநாள் காலை சுப்பிரமணி, மணிகண்டன், ருக்மணியாகிய நான், மூவரையும் காவலாளி கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

"என் பேருக்குள்ள மணி இருந்தா நான் திருடியா சாரே?" என்று, கேட்டுக்கு வந்த மேனேஜரிடம் கத்தினேன்.

"கம்ப்யூட்டரினு தெற்று பற்றில்லா," என்றார். அதற்குத் தப்பே வராதாம்.

அந்த நேரம் திருடனே எங்களைக் கடந்து உள்ளே போனான். மணி என்பது அவனை எல்லாரும் கூப்பிடும் பெயர். கம்பெனிப் பதிவில் அவன் தங்கப்பன்.

"எந்தா சேச்சி, இன்னு பணியில்லே?" இன்றைக்கு வேலை இல்லையா என்று சிரிப்பு வேறு.

"சாரே, இவன்தான் அந்த மணி!" என்றேன்.

மேனேஜர் அவனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு எங்களை வெளியே வைத்தே கேட்டை அடைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் முதலாளியிடம் போய்த் தன் தப்பைச் சொல்ல வேண்டியிருக்குமே!

அந்தக் கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணில்லாத இயந்திரம், சொன்னதைத் தேடியது. கண் இருந்த அந்த மனிதரைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.