முன்பாரம்

முப்பது வயதுக்குள் எனக்கு லேசாகக் கூன் விழுந்திருந்தது. காரணம் மார்புதான். ஆளுக்கு இவ்வளவு என்று கடவுள் அளந்து போடும்போது யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு பேர் பங்கு விழுந்துவிட்டது. கடைத்தெருக் கண்களுக்குத் தப்பத் தோளை முன்னால் மடக்கி, பையை நெஞ்சோடு அணைத்து நடந்து பழகியிருந்தேன். சாயங்காலமானால் கழுத்தும் முதுகும் கடுக்கும். நான் வருவதற்கு முன்னால் என் தைல வாசனை வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் கிராம சேவிகாவாக இருந்தேன்; ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு அரசுத் திட்டங்களைச் சொல்லும் வேலை. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் என் பொறுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். பாதி ஊருக்குப் போய்ச்சேரவே முடியாது.

"சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சாத்தான் இந்த ஏரியா. மாசக் கடைசிக்குள்ள படிச்சிரு, இல்லன்னா தூரத்துல மாத்திருவாங்க" என்று ஆபீசர் அம்மா சொல்லிவிட்டார். மாற்றினால் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் விவசாயி. வாடகை சைக்கிள் எடுத்து, ஊருக்கு வெளியே பொட்டலில் கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்தார். நான் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து பெடலைத் தேடினேன். நேரே குனிந்தால் என் காலே எனக்குத் தெரியாது, பெடல் எங்கே தெரியும்? முன்சக்கரம் நெளிந்தது. அங்கிருந்த கருவேலமுள்ளுக்கெல்லாம் நான் சொந்தக்காரியாகிவிட்டேன்.

"ஏட்டி, வண்டி முன்பாரமா இருக்குல்லா. பாரத்தப் பின்னால தள்ளு" என்றார் அவர். மாட்டுவண்டியில் மூட்டைகளை முன்னால் அடுக்கிவிட்டால் மாட்டின் கழுத்து அழுந்தும். அதுதான் முன்பாரம்.

"எறக்கிப் பின்னால வைக்க இது என்ன நெல்லு மூட்டையா? ஒட்டிப் பொறந்ததுல்லா."

"அதச் சொல்லலட்டி. நிமிந்து உக்காரு. தோளப் பின்னால வாங்கு."

நிமிர்ந்தேன். சைக்கிள் நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஜாக்கெட் கொக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்து ஓடின. முந்தானை மானத்தைக் காத்தது. நான் பழையபடி குனிந்து முள்ளில் போய் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. எங்கள் ஊர் டெய்லர் பெண்களை டேப் வைத்து அளக்க மாட்டார். பழைய ஜாக்கெட் ஒன்றை அளவு ஜாக்கெட் என்று கொடுத்தால் அதைப் பார்த்துத் தைப்பார். என்னுடைய அளவு ஜாக்கெட் கல்யாணத்துக்கு முன்னால், நான் குறுகி நின்ற காலத்தில் தைத்தது. பெரிதாகத் தையுங்கள் என்று சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளை பிறந்த பிறகும் அதையே கொடுத்துவந்தேன். டெய்லர் அண்ணாச்சியும் நேர்மையாக ஒவ்வொரு தடவையும் என் கூனையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

அவர் மனைவியிடம் போய் அளக்கச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "நேரா நில்லு மக்கா" என்று டேப்பைச் சுற்றினாள். சுற்றி முடித்துவிட்டு, "இம்புட்டையும் எங்கன ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள்.

"ஒங்க வீட்டுக்காரரு தச்ச ஜாக்கெட்டுக்குள்ளதான்."

சிரித்ததில் அளவு மறந்து இன்னொரு தரம் அளந்தாள். பிறகு வெளியே மெஷினில் இருந்த புருஷனுக்குக் கேட்கும்படி, "கீழ்ப் பட்டி அகலமா வையிங்க, தாங்கணும்லா" என்று கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றேன்.

புது ஜாக்கெட்டில் தோள் தானாகப் பின்னால் போனது. மாசக் கடைசியில் ஆபீசர் அம்மா ஒரு கிராமத்து அடிபம்பு அருகே எனக்காகக் காத்திருந்தார். பாதையைப் பார்த்தபடி, நெஞ்சை நிமிர்த்தி வந்து சேர்ந்தேன். சேர்ந்தவள் நிற்காமல் பம்பைச் சுற்றினேன்.

"இறங்கு" என்றார்.

"அத இன்னும் படிக்கலம்மா. இதுவரைக்கும் விழுந்துதான் எறங்கியிருக்கேன்."

"ஓட்டத்தானே சொன்னேன், ஓட்டிட்டே. ஏரியா ஒனக்குத்தான்" என்றவர், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னார்: "யாராவது அவளப் பிடிங்கம்மா."


நாலு பேர் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். நான் இன்னொரு சுற்று சுற்றினேன், நிமிர்ந்தபடியே.