நான் கேட்ட சாவைக் கர்த்தர் தரவில்லை

சபையாரே, என் கூடப்பிறந்த அண்ணன் சாகவேண்டும் என்று மூன்று வருடம் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது எழுபதுகளில் நடந்தது. திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் நிலம். எங்கள் அப்பா வெட்டிய கிணற்றில் அண்ணன் ஆறுமுகத்துக்குப் பாதி, எனக்குப் பாதி. நான் ஞானஸ்நானம் எடுத்த மறு வாரமே அண்ணன் முள்ளை வெட்டிப் போட்டுக் கிணற்று வழியை அடைத்தான்.

"சாமிய உட்டுட்டுப் போனவனுக்கு நைனா வெட்ன கெணத்துல இன்னாடா வேல? உன் ஏசுவ வந்து தண்ணி உடச் சொல்லு!"

என் கரும்பு என் கண்முன்னே காய்ந்தது. ஊரில் ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. திருத்தணி கோர்ட்டில் கேஸ் போட்டேன். வாய்தா நாளில் இருவரும் ஒரே ரயிலில்தான் போவோம். அவன் ஏறிய பெட்டியில் நான் ஏறமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பரலோகத்தைப் பற்றிச் சத்தமாகப் பாடுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, அவனை எடுத்துப்போடும். அவன் பிணம் போவதை நான் பார்க்கவேண்டும்" என்பேன். கூச்சமே இல்லை. நியாயத்தைத்தானே கேட்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் வருடம் கத்திரி வெயிலில் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அண்ணன் ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு பாறைத் திட்டில் இறக்கி வைத்து ஓட்டினான். ஒரு நாள் மத்தியானம் அண்ணி அலறிக்கொண்டு என் நிலத்துக்கு ஓடிவந்தாள். மூன்று வருடமாக என் முகத்தைப் பாராதவள்.

"எஞ்சினாண்ட எறங்கினாரு, கூப்டா கொரலே வரல!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிணறு முழுக்கப் புகை. திட்டின்மேல் அண்ணன் குப்புறக் கிடந்தான்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்து, "எறங்காதீங்க, பொக அடிச்சி நீங்களும் பூடுவீங்க" என்றார்கள். நிற்பதற்கு நல்ல சாக்கு. நின்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. செத்தபிறகு இவன் எங்கே போவான்? அவன் சாவையே கேட்டுக்கொண்டிருந்த நான், அதற்கு அப்புறம் என்ன என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நான் எங்கே போவேன்? பாதிக் கிணற்றுத் தண்ணீருக்காக இரண்டு பேருடைய நித்தியத்தையும் விற்கப் பார்த்திருக்கிறேன்!

"ஆண்டவரே, நான் கேட்டதைத் தரவேண்டாம். இவனுக்கு இன்னும் நாள் கொடும்." அவ்வளவுதான் ஜெபம்.

துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு கயிற்றோடு இறங்கினேன். எஞ்சினை நிறுத்தினேன். அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டியது ஞாபகம் இருக்கிறது. மேலே தூக்கியது ஞாபகம் இல்லை. என்னையும் அந்த ஆட்கள்தான் இறங்கித் தூக்கினார்களாம்.

இரண்டு நாள் கழித்துத் திருத்தணி ஆஸ்பத்திரியில் அண்ணன் கண் திறந்தான். பார்க்கப் போனேன்.

"உன்ன யாருடா எறங்கச் சொன்னது? இதச் சொல்லிகினு பங்கு கேக்க வந்தியா?"

எனக்கும் கோபம் ஏறியது. "பங்கும் வேணா, கேசும் வேணா. கெணத்த நீயே வெச்சிக்கோ. ஆனா நீ உசுரோட இருக்கற வரிக்கும் உனக்காக ஜெபம் பண்ணிகினேதான் இருப்பேன். உன்னால ஆனதப் பாத்துக்கோ!"

அன்பாகச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஆனாலும் சொன்னபடி கேஸை வாபஸ் வாங்கினேன். கரும்பை விட்டுவிட்டு, மழையை நம்பி வேர்க்கடலை போடுகிறேன். நஷ்டம்தான். ஆனால் அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன்.

அண்ணன் மனந்திரும்பினானா என்று கேட்பீர்கள். இல்லை. கோர்ட்டும் வழக்குமாக இருக்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். எதிராளியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் முன்னே, இந்த நிலமும் வீடும் இல்லாமல் போன பிறகு அவன் எங்கே இருப்பான், நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பிறகு வாயைத் திறங்கள். பாக்கியைக் கர்த்தர் கையில் விடுங்கள். நான் விட்டேன், அவர் என்னைக் கைவிடவில்லை.

இன்று காலையில் ஆராதனைக்கு வரும்போதுகூட அண்ணன் என்னைப் பார்த்துக் காறித் துப்பினான். உயிரோடு இருக்கிறான். ஸ்தோத்திரம்.