சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

என் கணவர் டாக்ஸி ஓட்டினார். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, சொந்த வண்டி. பர்மாவில், பசுந்தாங் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு எதிரேதான் நிறுத்துவார். எனக்கும் ஓட்டத் தெரியும். மிங்கலாடோன் பக்கம் ஆளில்லாத சாலையில் அவரே கற்றுக்கொடுத்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, முகம் கழுவப் போனவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. பேச வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கீழ்வீட்டுப் பர்மியரும் அவர் தம்பியும் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் இடது சீட்டில் உட்கார வைத்தார்கள். நான் ஓட்டுகிற பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

விளக்குகள் எரிந்தன. ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். அதே சத்தம்.

அவர் இடது கையை என் முழங்கால் பக்கம் நீட்டினார். பயந்துபோய்க் கையைத் தேடுகிறார் என்று நினைத்து அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். "இந்தா கிளம்பிரலாங்க, பயப்படாதீங்க" என்றேன். கையை உதறினார். திரும்பவும் கீழே நீட்டினார். திரும்பவும் பிடித்தேன். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. வலிக்கிறதோ என்று நான் இன்னும் வேகமாகச் சாவியைத் திருப்பினேன். சுற்றும் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்து, கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

"அக்கா, இறங்குங்க. இது ஆகாது" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டுக் கீழ்வீட்டுக்காரர் தெருவில் ஓடினார். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வந்த சின்ன லாரியை மறித்துக் கூட்டி வந்தார். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் என் கணவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். லாரி கிடைப்பதற்குள்ளேயே நாற்பது நிமிஷம் வீணாகப் போயிருக்கும்.

நான்காம் நாள், அவருடைய வண்டியைப் பார்க்கும் தமிழ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ அழுத்தினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது.

"என்னது அது?"

"கட் சுவிட்ச்க்கா. பெட்ரோல் பம்புக்குப் போற வயரை அறுத்து நடுவுல போட்டிருக்கு. இத ஆன் பண்ணாம எத்தன தடவ திருப்பினாலும் பெட்ரோல் ஏறாது. பேட்டரிதான் போகும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "ஷ்வேப்யிதாவுல அண்ணனோட கூட்டாளி வண்டிய, சவாரி ஏறினவங்களே கத்தியக் காட்டிப் பிடுங்கிட்டுப் போனாங்கள்ல, அதுக்கப்பறம் மாட்டச் சொன்னாரு. அக்காகிட்டச் சொல்லிராதேன்னாரு. அக்கா ஓட்டுறப்ப அவரே முன்னாடி ஆன் பண்ணி வச்சுருவாரு. அக்காவும் ஓட்டுறாங்க, எவனாவது கத்திய வச்சுக் கேட்டா, தெரிஞ்சா சொல்லணும், சொல்லலேன்னா குத்துவான், தெரியாமலே இருக்கட்டும்னாரு."

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சுவிட்சைத் தேடி நீண்ட அந்தக் கையை நான் பிடித்துப் பிடித்து வைத்ததுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை டாக்டரிடம் கேட்டேன், அந்த நாற்பது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் கை சரியாகியிருக்குமா என்று. "சொல்ல முடியாது" என்றார். சரியாகியிருக்காது என்று சொல்லியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.

இப்போது அவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருக்கிறது. வலது கை வரவில்லை. வண்டியை நான் ஓட்டுகிறேன், தெரிந்தவர்களுக்கு மட்டும், பகலில் மட்டும். சுவிட்சைக் கழற்றிவிடலாமா என்று ஒரு நாள் கேட்டேன். வெகுநேரம் முயன்று, "வே...ணாம்" என்றார்.

சரி என்றேன். டாக்டரிடம் கேட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.