கிணற்றடியில் அழுத பெண்

பென்னலூரில் என் வீட்டு மாடி அறையில் காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி குடியிருந்தாள். தினமும் காலையில் முடிச்சுப் போட்ட கயிற்றில் கல் கட்டிக் கிணற்றுக்குள் விடுவாள். நோட்டில் ஏதோ எழுதிவிட்டு அழுவாள்.

"இன்னாடி, லவ்வா?" என்றேன்.

"இல்லம்மா. வெயில் ஏறிக்கிட்டே போகுது, தண்ணி இறங்கிட்டே போகுது. நாளைக்கு நாங்கல்லாம் எப்படி இருப்போம்?"

"தண்ணிக்கு யாராவது அழுவாங்களா? யார்கிட்ட கத வுடுற?"

கிணற்றில் குதித்துவிடுவாளோ என்று பயந்து அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் படிப்பையே நிறுத்திக் கூட்டிப் போய்விட்டார்.

அவள் விட்டுப்போன நோட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேதியும், தண்ணி எத்தனை முடிச்சு ஆழத்தில் என்ற கணக்கும்தான் இருந்தன.

என் கிணறு எனக்குத் தெரியாதா என்றிருந்த நான்தான் இப்போது தினமும் கயிறு விட்டு எழுதுகிறேன். நேற்று கல் நனையாமலே கிணற்றுத் தரையில் தட்டியது. அவளிடம் சொல்லப் போன் போட்டேன்.

"தண்ணிப் பேச்சே அவகிட்ட வேணாம்மா" என்று அவள் அப்பா வைத்துவிட்டார்.