மூன்று நிமிடப் பாட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டன் வெம்பிளியில் இருந்தோம். மே மாதத்து ஒரு சனிக்கிழமை, மாலை ஏழு ஐம்பதுக்கு வாசல் மணி அடித்தது. எல்லாம் பிழையாகத் தொடங்கியது அப்போதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தீவுதான் அவருடைய நாடு. பல வருடங்களுக்குப் பிறகு அந்த நாடு ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் மீண்டும் பாடப்போகிறது. பின்னணியில் பாடுகிறவர்களில் ஒருத்தி அவருடைய கடைசித் தங்கை. அதைப் பார்க்கவென்றே அந்தச் சனிக்கிழமைக்கு எப்போதோ லீவு சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு கிழமைக்கு முன், பள்ளி விட்டு அவர் வீட்டில் நின்ற என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. நானும் கணவரும் வேலையில். நர்ஸ் தன் ஷிப்டை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். அதற்கு ஈடாகத்தான் இந்தச் சனிக்கிழமை அவர் வேலைக்குப் போகவேண்டி வந்தது. அவரிடம் வீடியோ டெக் இல்லை. புதுக் கசெற் ஒன்றைத் தந்து, பதிந்து வைக்க முடியுமா என்று கேட்டார். இதைக்கூடச் செய்யமாட்டேனா என்றேன்.

எட்டு மணிக்குப் போட்டி. கசெற்றை டெக்கில் போட்டு வைத்திருந்தேன். மணி அடித்தது கணவரின் அண்ணர் குடும்பம், லண்டனின் மறுபக்கம் குட்மேய்ஸில் இருந்து. போன் பண்ணாமல் வருவதுதானே எங்கள் ஆட்களின் வழக்கம். அண்ணர் வீடியோக் கடையில் எடுத்த புதுப் படத்தோடு நேரே டெக் பக்கம் போனார்.

"அத்தான், ஒரு பாட்டுப் போட்டி பதிய வேணும். படத்தைப் பிறகு போடுவமோ?" என்று அண்ணரிடம் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் கத்துறதைப் பதிஞ்சு என்ன செய்யப்போறாய் பிள்ளை? எந்த நாடு?"

சொன்னேன்.

"அது உலக மாப்பில ஈ இருந்த அடையாளமெல்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஊரையும் இங்கே மாப்பில் விரல் வைத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. அண்ணர் என் கசெற்றை வெளியே எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டார்.

நான் எண்ணெய் காய வைத்த குசினிக்குள் மகள் வந்து என் சட்டையை இழுத்தாள். "அம்மா, பக்கத்து வீட்டு அன்ரியின்ர பாட்டு மூண்டு நிமிசம்தானாம். படத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"சும்மா இரு. பெரியப்பா கோவிப்பார். நாளைக்கு டிவியில திரும்பப் போடுவாங்கள்."

சொல்லிவிட்டு ரோல்ஸ் பொரித்தேன். படம் முடிந்தபோது போட்டியும் முடிந்திருந்தது. திரும்பப் போடவேயில்லை. விடிந்ததும் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் அடித்தேன். ஒருவரும் பதிந்திருக்கவில்லை.

எனக்கு உதவியவரை விட்டுவிட்டு, நான் பயந்தவரைத் திருப்திப்படுத்தினேன். இத்தனை வருடமாகியும் அதற்கு வேறு பெயர் வைக்க என்னால் முடியவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். கோயிலுக்குப் போவதுபோல நல்ல உடுப்பு, கையில் ஒரு தட்டு கேக். நான் தடுமாறித் தடுமாறி, பதியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கசெற்றை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆவலோடு கேட்டார்:

"பதியாவிட்டால் பரவாயில்லை. நீங்கள் பார்த்தீர்கள்தானே? என் தங்கை பயப்படாமல் பாடினாளா?"