இடுப்பளவு வெங்காயக் காடு

சிறுவாச்சூரில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில் நான்காவது வீடு கொளஞ்சியம்மாளுடையது. வயது ஐம்பத்தொன்று. பன்னிரண்டு வயதில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வெங்காயக் காட்டில் இறங்கியவர். அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் அவர் நிமிரவே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை. நடுவது, களையெடுப்பது, பிடுங்குவது, தாள் அறுப்பது எல்லாமே குனிந்து செய்கிற வேலை. எல்லாமே அடுத்தவர் காடு.

போன வருடம் சித்திரையில் ஒரு காலை, வெங்காயக் கூடையைத் தூக்கப் போனவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் இரண்டு இடத்தில் டிஸ்க் விலகியிருப்பதைக் காட்டினார்.

"ஆபரேசன் இப்பத் தேவையில்ல. நிக்கலாம், நடக்கலாம். ஆனா குனியவே கூடாதும்மா. வெயிட்டும் தூக்கக் கூடாது."

"எத்தன நாளைக்குங்க சார்?"

"இனிமே எப்பவுமேதான்."

கணவர் வைத்திலிங்கம் கொத்தனார். மகள் வினோதினி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்கு இருவரும் கிளம்பிவிட்டால், கொளஞ்சியம்மாளுக்கு வீட்டைச் சுற்றி நடப்பது ஒன்றுதான் வேலை. வைகாசி முழுக்க நடந்தார். ஆனியிலும் நடந்தார். வீட்டின் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. ஆனால் அது மண் இல்லை, சுக்கான் பாறை. கடப்பாரையைப் போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். அந்த வெள்ளைப் பாறையில் ஒரு புல்கூட முளைத்ததில்லை.

பின்பக்கம் இடுப்புயரத்தில் ஒரு துவைக்கிற கல் உண்டு. அவர் நின்றபடியே துவைக்க வேண்டும் என்பதற்காக வைத்திலிங்கம் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. ஆனி கடைசியில் ஒரு நாள், சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல், ஓட்டை விழுந்த சிமெண்டுச் சட்டி ஒன்றை அந்தக் கல்மேல் வைத்து, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியிலிருந்து மண் வாங்கி அதில் கொட்டி நட்டார். விரல்கள் தாமாகவே இடைவெளி விட்டு நட்டுக்கொண்டே போயின. கடைசி வெங்காயத்தைப் புதைத்த பிறகுதான் உறைத்தது. நேராக நின்றுகொண்டிருந்தார். முதுகில் ஒரு சுருக்குக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் வைத்திலிங்கம் சைக்கிளை நிறுத்தும் முன்பே கொளஞ்சியம்மாள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இந்தாங்க, எனக்கு அந்தத் துவைக்கிற கல்லு ஒசரத்துக்கு ஒரு காடு கட்டிக் குடுங்க."

"என்னாது? காடு கட்டறதா?"

"ஆமா. நாலு பக்கமும் சொவரு வெச்சு, உள்ள மண்ண ரொப்பி. ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் வூடு கட்டறீங்கல்ல, எனக்கு இத கட்ட மாட்டீங்களா?"

வைத்திலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதமாக அந்த முகத்தில் இல்லாத பரபரப்பு இருந்தது. கை கால் கழுவப் போகாமல் நேரே பின்பக்கம் போய் அந்தச் சட்டியை நான்கு முறை சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்தார்கள். மனைவியைப் பாறைமேல் நிற்க வைத்து, இடுப்புவரை டேப் பிடித்தார். பிறகு கையை நீட்டச் சொன்னார். குனியாமல், எட்டிப் போகாமல், இரண்டடி தூரம் கை போயிற்று. இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யலாம் என்பதால் அகலம் நாலடி என்று முடிவானது. நீளம் பத்தடி. "அஸ்திவாரமே வேணாம் புள்ள, அதான் பாறை கெடக்கே" என்று அவரும் உற்சாகமாகிவிட்டார். வேலை செய்த இடங்களில் மூலை உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்த ஹாலோ பிளாக் கற்களைக் கேட்டு வாங்கி வந்து, நான்கு வரிசை அடுக்கிக் கட்டி, உள்ளேயும் வெளியேயும் வழவழவென்று பூசினார்.

"இதுக்கு மேட்டுப்பாத்தின்னு பேரும்மா" என்று வினோதினி போனில் தேடிச் சொன்னாள். "முழுக்க மண்ணு போட வேணாமாம். அடியில மட்டை, சருகு, குச்சி எல்லாம் போட்டுட்டு மேல ஒரு அடி மண்ணு போட்டாப் போதுமாம்."

தேங்காய் மட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. திங்களும் வெள்ளியும் காளி கோயில் திறக்கும் நாள். கார்கள் வரிசை கட்டி நிற்கும். அடுத்த வீட்டு ஜெயசுதா கோயில் வாசலில் தேங்காய்க் கடை போட்டிருக்கிறார். "அள்ளிட்டுப் போங்கக்கா, இத எங்க கொட்டறதுன்னுதான் முழிச்சிட்டிருக்கேன்" என்று தன் வண்டியிலேயே கொண்டுவந்து கொட்டினார்.

மண்ணுக்குக் கொளஞ்சியம்மாளே போனார். அவர் இருபது வருடம் வேலை செய்த காட்டின் சொந்தக்காரர் முத்துசாமி, ஏரி வண்டலை எடுத்துவந்து களத்தோரம் குவித்து வைத்திருந்தார்.

"ஐயா, எனக்கு ஒரு டிராக்டர் வண்டல் வேணுங்க."

"ஒனக்கு எதுக்கு? ஒனக்குத்தான் நெலமே கெடையாதே."

"இல்லதாங்க. அதான் கட்டிக்கிட்டு இருக்கோம்."

முத்துசாமி சிரித்துவிட்டார். ஆனால் வண்டல் வந்து சேர்ந்தது.

வண்டலோடு சாணி எரு கலந்து நிரப்பி, புரட்டாசியில் கொளஞ்சியம்மாள் வெங்காயத்தை நட்டார். தெருவே வந்து பார்த்தது. ஒருத்தர், "யாருக்கு இந்தச் சமாதி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் காதில் வாங்கவே இல்லை. ஏழாம் நாள் பச்சை முளைகள் ஒன்று போல எட்டிப் பார்த்தபோது, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தது. மூன்றாம் நாள் காலை பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாத்தி முழுக்கத் தண்ணீர் தளும்பியது. மண்ணைக் கிழித்துக்கொண்டு அடியிலிருந்த தேங்காய் மட்டைகள் மேலே வந்து மிதந்துகொண்டிருந்தன. மட்டைகளுக்கு நடுவே வெங்காயப் பயிர்கள் வேரோடு சுற்றிக்கொண்டிருந்தன.

வைத்திலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணித் தொட்டி கட்டற ஞாபகத்துலயே பூசிட்டேன் புள்ள. தண்ணி வடிய ஓட்டை வுடவே இல்ல."

அழுவார் என்று நினைத்து வினோதினி அம்மாவின் தோளைப் பிடித்தாள். ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பால். "ஒரு சொட்டு ஒழுவல பாருடி! ஒங்கப்பன் வேல அம்புட்டு சுத்தம்!"

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வைத்திலிங்கம் டிரில்லிங் மெஷினைக் கொண்டுவந்து அடி வரிசைக் கல்லில் துளை போட்டார். முதல் துளையிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்தது. "இன்னொண்ணு! இந்தப் பக்கம் இன்னொண்ணு!" என்று கொளஞ்சியம்மாள் சுற்றிச் சுற்றி வந்து விரல் காட்ட, பன்னிரண்டு துளைகள் ஆயின.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நன்றாக ஊறிப்போன மட்டைகளைத் திரும்ப அடியில் போட்டு, மேலே கனமாகச் சருகும் வண்டலும் ஏற்றி, கார்த்திகையில் இரண்டாம் முறை நட்டார். இந்தத் தடவை தண்ணீர் வடிந்தது, ஆனால் மண் இறங்கிக்கொண்டே போனது. அடியிலிருப்பது மட்கும்போது மேலே பள்ளம் விழும் என்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பயிரின் தண்டு மூழ்கிவிடாமல், பத்து நாளுக்கு ஒரு முறை எருவும் மண்ணும் கலந்து கைப்பிடி கைப்பிடியாக ஓரத்தில் தூவினார். சின்னக் களைகளைப் பழைய கரண்டியால் நெம்பி எடுத்தார். குழாயை விரலால் அழுத்தித் தூறல் போலத் தண்ணீர் விட்டார்.

மார்கழியில் மயில்கள் வந்தன. இடுப்புயரத்தில் அவற்றுக்கு மேடை போட்டுக் கொடுத்தது போலாகிவிட்டது. ஐந்து மயில்கள் ஏறி நின்று கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் தெரு விழித்துக்கொண்டது. அன்றைக்கே வினோதினி பிளாஸ்டிக் குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, மேலே பழைய கொசுவலைகளைத் தைத்துப் போர்த்தினாள். மயில்கள் மறுநாளும் வந்து சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போயின.

மாசி பிறந்ததும், விளைந்ததற்கு அடையாளமாக வெங்காயத்தாள் சாய ஆரம்பித்தது. பிடுங்கும் நாளில் வைத்திலிங்கமும் வினோதினியும் லீவு போட்டுவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் பாத்தியின் நடுவில் கைவிட்டு முதல் கொத்தை அசைத்து இழுத்தார். செக்கச்செவேலென்று ஏழு பல் வெங்காயம், பாக்குக் கொட்டையைவிடப் பருமனாக, மண் உதிர்ந்துகொண்டே வந்தது.

"ஏழு! ஏங்க, ஏழு!" கத்திவிட்டார். இதே கைகள் எத்தனையோ மூட்டை பிடுங்கியிருக்கின்றன. ஒரு கொத்தில் எத்தனை பல் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"அடுத்தத நீ இழும்மா" என்றார் மகளிடம். வினோதினிக்கு எட்டு வந்தது. வைத்திலிங்கத்துக்கு ஐந்துதான். "ஓட்டை வுடாததுக்குத் தண்டனை" என்று ஜெயசுதா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.

விஷயம் கேள்விப்பட்டு முத்துசாமி வந்தார். ஐப்பசி மழையில் அவர் காட்டில் பாதிக்குமேல் தாள் சுருண்டு அழுகிப் போயிருந்தது. காய்ந்துகொண்டிருந்த வெங்காயத்தில் ஒன்றை எடுத்து, அழுத்திப் பார்த்து, தோலை உரித்து முகர்ந்தார்.

"கெட்டியா இருக்கு. கொளஞ்சி, விதைக்குக் கொஞ்சம் தாயேன்."

"தரேங்க. நல்லாக் காயட்டும், காத்தாட அடுக்கிப் பட்டறை போட்டு வெச்சு ஆடியில தரேன்" என்றார். வாசலில் எதிரெதிரே நின்று இருவரும் வெகுநேரம் விதை, மழை, நோய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகு கொளஞ்சியம்மாள் உள்ளே வந்து, "எங்கிட்ட வெத கேட்டாரு" என்று மகளிடம் சொன்னார். அரை மணி கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

இப்போது அந்தப் பாறைமேல் நான்கு பாத்திகள் இருக்கின்றன. வெங்காயத்தோடு கத்தரியும் கொத்தமல்லியும் வந்துவிட்டன. முட்டி வலிக்கிறது என்று ஜெயசுதா ஒன்று கேட்டார். அவர் குள்ளம் என்பதால் மூன்று வரிசையோடு நிறுத்தினார்கள். பிறகு பூலாம்பாடியிலிருந்து ஒருத்தர், செட்டிகுளத்திலிருந்து ஒருத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகிறார்கள். டேப் கொளஞ்சியம்மாள் கையில்தான். போனதும் முதலில், "நேரா நில்லுங்க, கையை நீட்டுங்க" என்பார்.

செட்டிகுளத்தில் கேட்டவர் கவிதா என்ற டீச்சர். சின்ன வயதிலேயே போலியோவில் கால் போய்ச் சக்கர நாற்காலியில் இருப்பவர். போன ஞாயிறு அவரிடம் கொளஞ்சியம்மாளால் நேராக நிற்கச் சொல்ல முடியவில்லை. நாற்காலியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு டேப்பை அவர் முழங்காலுக்கு மேலே பிடித்தார்.

"இவங்களுக்குச் சொவரு ஆவாதுங்க. காலு உள்ள போவணும். சமையக்கட்டு மேடை கணக்கா, கீழ காலியா விடணும்."

"மண்ணு கனம் தாங்க வேணாமா?" என்றார் வைத்திலிங்கம்.

"கடப்பாக் கல்லு போடுங்க."

"ஓட்டை?"

"அத நான் மறக்க மாட்டேன்!"

கவிதா டீச்சர் கைதட்டிச் சிரித்தார். கொளஞ்சியம்மாள் சுண்ணாம்புக் கட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவரில் மேடையின் உயரத்தைக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.